எந்த வீட்டுத் தண்ணீர்

நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு முழங்காலில் தொடங்கி சர்க்கரையில் வந்து நிற்கிறது. போன வாரம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, என்னோடு பள்ளியில் படித்தவள் ஒருத்தி திடீரென்று கேட்டாள்: "உங்க அப்பாவுக்கு ஒரு கால் கொஞ்சம் பெருத்து இருந்துச்சே, அப்புறம் இன்னா ஆச்சு?" அதற்கு மேல் பெருக்கவில்லை என்றேன். எப்படி என்றாள். மீன் வளர்த்தோம் என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இது. கொஞ்சம் நீளமாகப் போகும். எனக்கு எதையும் சுருக்கிச் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியாததா என்ன?

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முன்னால் கூடம், அப்புறம் சமையலறை, கடைசியில் தறி அறை, அதற்கும் பின்னால் நீளத் தோட்டம். தோட்டத்தின் கோடியில் ஒரு மரக்கதவு. கதவைத் திறந்தால் சந்து, சந்தோடு ஓடும் சாக்கடை.

அப்பா பட்டு நெய்கிறவர். எங்களுடையது குழித்தறி. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: தரையில் இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, அதன் மேல் தறி போட்டிருக்கும். நெய்கிறவர் குழியின் விளிம்பில் பலகையில் உட்கார்ந்து, கால் இரண்டையும் உள்ளே தொங்கவிட்டு, அங்கே கட்டியிருக்கும் மிதிகளை மாற்றி மாற்றி மிதிப்பார். கை செய்கிற வேலையைத்தான் ஊர் பார்க்கும். கால் பாடு இருட்டுக்குள் நடக்கும். கொசுவுக்கும் அந்த இருட்டுதான் பிடிக்கும்.

அப்பாவுக்கு அப்போது மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை குளிர் ஜுரம் வரும். தொடை இடுக்கில் நெறி கட்டும். இடது கால் சிவந்து பளபளவென்று வீங்கும். ஐந்தாறு நாளில் ஜுரமும் இறங்கும், வீக்கமும் வடியும். ஆனால் முழுசாக வடியாது, கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போகும்.

அந்த மிச்சத்தை அம்மா நூலால் அளந்தாள். பாவில் மிஞ்சிய அரக்குச் சிவப்புப் பட்டு இழைகளைச் சேர்த்து முறுக்கி ஒரு கயிறாக வைத்திருந்தாள். ஜுரம் விட்டதும் அதை அப்பாவின் கணுக்காலுக்கு மேலே சுற்றி, முனை வந்து தொடுகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போடுவாள். சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் அது. அந்த வருடம் ஆடி மாதத்தில் மூன்று முடிச்சுகள் இருந்தன. எங்கள் தெருமுனையில் ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் அவர் நெய்த கரை போல இன்னொருவர் நெய்ய முடியாது என்பார்கள். கால் பருத்துப்போய் மிதிகளுக்கு நடுவே நுழையாமல் தறியை விட்டவர். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் காலின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருப்பார். அப்பா அந்தப் பக்கம் போகும்போது மட்டும் வேகமாக நடப்பார். ஆறாவது ஏழாவது முடிச்சில் அப்பாவும் அப்படி உட்கார்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

இப்போது கொசு எண்ணெய்க்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகராட்சியில் வேலை. கூரத்திலிருந்து சைக்கிளில் வருவார். வாரத்துக்கு ஒரு நாள் பின் சந்து வழியாக வந்து, சாக்கடையில் கறுப்பு எண்ணெய் தெளித்துக்கொண்டு போவார். தோளில் நீளக் காம்பு வைத்த அகப்பை ஒன்று இருக்கும். தேங்கின தண்ணீரை மொண்டு, புழு இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதற்கு. அன்று நான் அவரை ‘எண்ணெய்க்காரன்’ என்றுதான் சொன்னேன், ‘வா, போ’ என்றுதான் பேசினேன். என்னைவிட முப்பது வயது மூத்த மனிதரை. வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள், எனக்கும் உறைக்கவில்லை.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. சாக்கடைக்கு வருகிற தண்ணீரைப் பார்த்தே அந்த வீட்டில் அன்று என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். நான் கதவில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரும் வந்து விழுகிற தூம்பாகக் காட்டிக் கேட்பேன்.

"இது எந்த வீட்டுத் தண்ணி, சொல்லு?"

"கஞ்சி வருது பாரு. வடிச்சது பழைய அரிசி. விருந்தாளி வந்துக்கிறாங்க, ரெண்டு படி கூட வடிச்சிருக்காங்க."

"இது?"

"இது சாயக்காரர் வூட்டுது. மயில்கழுத்து கலரு. சரியாப் பிடிக்கல, மறுபடியும் நனைச்சிருக்காரு."

"இது?"

"இது பச்சைப்புள்ளைக்கு ஊத்தின தண்ணி. கடலை மாவு மெதக்குது பாரு."

நான் ஓடிப்போய் அந்தந்த வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு தடவைகூட அவர் தப்பவில்லை. ஒன்பது வயதில் எனக்கு அவரைவிடப் பெரிய அறிவாளி கிடையாது. சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

தண்ணீரில்தான் கொசு முட்டை போடுகிறது, அந்தப் புழுவைத் தின்ன ஒரு குட்டி மீன் இருக்கிறது, கேட்டால் நகராட்சியில் கொடுப்பார்கள் என்று அப்பாவுக்குச் சொன்னவர் அவர்தான். கிணற்றில் விடச் சொன்னார். குடிக்கிற தண்ணீரில் மீனா என்று அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். அப்பா இரண்டு நாள் யோசித்தார். தறியில் உட்கார்ந்து யோசிப்பவர்களுக்கு நேரம் நிறைய உண்டு. மூன்றாம் நாள் ஒரு திட்டத்தோடு எழுந்தார்.

"கொசுவுக்கு முட்டை போட எடம் வேணும். இல்லியா? நம்மளே ஒரு எடம் குடுப்போம். தோட்டத்துல ஒரு குளம் வெட்டுவோம். ஊர்க் கொசு எல்லாம் வந்து அதுல போடும். மீனு தின்னுடும். பொறி வெக்கிற மாதிரி."

"நாட்டுல எவனும் கொசுவுக்கு வூடு கட்டினதில்ல" என்றாள் அம்மா. ஆனாலும் ஒத்துக்கொண்டாள். மூன்று முடிச்சு போட்டவளுக்கு வேறு வழியும் இல்லை.

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. ஆவணி அமாவாசைக்கு ஐயம்பேட்டையிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, மண்வெட்டியோடு வந்தார். எங்கே தோண்டுவது என்று கேள்வி வந்தது. நடுத்தோட்டத்தில் ஒரு பக்கம் கிணறும் துவைக்கிற கல்லும். மீதி இருந்த நீளத் தடம் பாவு, அதாவது தறியில் ஏற்றப்போகிற நீள இழைகளை, நீட்டிக் கட்டுகிற இடம். எங்கள் தெருவில் பஸ் போகும், அதனால் பாவைத் தோட்டத்தில்தான் நீட்டுவோம். தறி அறைக் கதவிலிருந்து பின் கதவு வரைக்கும் அந்தத் தடத்தில் ஒரு துளசிச் செடிகூட வைக்கவிடமாட்டார் அப்பா. அங்கே குளம் வெட்டுவதாவது! மிச்சம் இருந்தது ஒரே இடம், தறி அறையின் பின் சுவரை ஒட்டி.

அன்று எண்ணெய்க்காரர் தற்செயலாகச் சந்தில் வந்தார். கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

"செவுத்தை ஒட்டி வேணாம் தறிக்காரரே. நடுவுல எடுங்க."

"நடுவுல எடுத்தா பாவை எங்கப்பா நீட்டறது? உன் தலையிலயா?" என்றார் அப்பா.

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குழி இருப்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் அதைப் பள்ளம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அது தறி, அவ்வளவுதான். வெளியே குளத்தில் தண்ணீர் நிற்கப்போகிற மட்டத்தைவிட உள்ளே அப்பாவின் கால் தாழ்வில் இருக்கிறது என்பது மூன்று பேர் தோண்டியும் ஒருவர் புத்தியிலும் படவில்லை. எண்ணெய்க்காரருக்குப் பட்டிருக்கும். ஆனால் அவர் எங்கள் தறி அறையைப் பார்த்ததே இல்லை. அந்த மரக்கதவோடு அவர் எல்லை முடிந்தது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் அம்மா செம்பில் கொண்டுபோய் உயரத்திலிருந்து ஊற்றுவாள், அவர் கையை ஏந்திக் குடிப்பார்.

குளம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான் படுத்தால் நீளத்துக்குச் சரியாக இருக்கும். என் இடுப்பளவு ஆழம். மாமா ஏரிக் களிமண் கொண்டுவந்து பூசினார். சுற்றி உடைந்த செங்கல் அடுக்கினோம். கிணற்றிலிருந்து இறைத்து ஊற்ற ஊற்ற, கலங்கல் தெளிந்து வானம் தெரிந்தது. அந்தச் சாயங்காலம் முழுக்க நான் அங்கேயே குந்திக்கொண்டிருந்தேன்.

அடுத்தது என்ன மீன் விடுவது. இதற்கு நடந்த சண்டை, கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதற்குக்கூட நடந்திராது. எனக்குச் சிவப்பு மீன் வேண்டும். அம்மாவுக்குக் கோயில் குளத்தில் இருப்பது போல வாய் திறந்து பொரி வாங்கும் மீன் வேண்டும். அப்பாவுக்குப் புழுத் தின்றால் போதும், கரியாக இருந்தாலும் சரி. மாமாவோ, வளர்ப்பதுதான் வளர்க்கிறோம், நாளைக்குக் குழம்புக்கு ஆகிற மாதிரி வளர்த்தால் என்ன என்றார்.

"வளக்கிறதைத் திங்கறதா? தூ!" என்றாள் அம்மா.

மாமா கேட்பவரா? ஞாயிற்றுக்கிழமை தாமல் ஏரிக்குப் போய், ஒரு மண்ணெண்ணெய் டின்னில் கெண்டைக் குஞ்சு முப்பதும் விரால் ஒன்றும் கொண்டுவந்தார். கெண்டைக் குஞ்சுகள் வெள்ளியாக மின்னின. விரால் என் கை நீளம். பாம்பு போன்ற தலையோடு அடியில் அசையாமல் கிடந்தது. "ராஜா மாதிரி இருக்குது பாரு பாப்பா" என்றார். நான் தினமும் எண்ணினேன். முதல் நாள் முப்பது. மறுநாள் இருபத்திரண்டு. நான்காம் நாள் ஆறு. காக்கா தூக்குகிறது என்று அம்மா கீற்று போட்டு மூடினாள். ஆறாம் நாள் ராஜா மட்டும் இருந்தது, வயிறு புடைத்துப்போய். அதற்கடுத்த வாரம் ஒரு மழைச் சாயங்காலம் ராஜாவும் செங்கல் வரப்பைத் தாண்டி, ஈரத் தரையில் நெளிந்து எங்கேயோ போய்விட்டது. விரால் அப்படிப் போகும் என்று அப்புறம் சொல்கிறார் மாமா!

கடைசியில் எண்ணெய்க்காரர்தான் ஒரு தூக்குச் சட்டியில் அந்தக் கொசுமீனைக் கொண்டுவந்தார். சாம்பல் நிறம், என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. பார்க்க ஒன்றுமே இல்லை. கதவில் நின்று வாங்கிக்கொண்டபோது எனக்கு அழுகையே வந்தது.

"இதுவா மீனு? இது மீனோட குட்டியா?"

"இதுதான் பாப்பா பெரிசு. இதுக்கு மேல வளராது. ஆனா ஒரு நாளைக்கு எவ்ளோ புழு தின்னுதுன்னு எண்ணிப் பாரு, அப்புறம் பேசு."

எண்ணிப் பார்த்தேன். ஒரு கண்ணாடிச் சீசாவில் ஒரு மீனைப் போட்டு, சாக்கடைத் தண்ணீரில் நெளிந்த புழுக்களை மொண்டு ஊற்றினேன். மீன் திரும்பிப் பார்த்தது. பிறகு லபக், லபக். ஐம்பத்துநான்கு வரை எண்ணினேன், அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சிவப்பு மீன் ஆசை போயிற்று.

குளத்தைப் பார்க்கத் தெருவே வந்தது. நம் ஊர்ப் புத்தி உங்களுக்குத் தெரியுமே. தண்ணீரும் மீனும் சேர்ந்து இருந்தால் கை தானாகப் பொரி போடும். எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற அத்தை ஒருவர், கழுத்தில் மரு உதிர வேண்டும் என்று வெல்லக் கட்டி ஒன்றைக் கரைத்துவிட்டே போனார். "கோனேருக்குப் போய் ரொம்ப நாளாச்சும்மா, இதுவும் தண்ணிதானே" என்றார். கோயில் குளத்தை அவர் அப்படித்தான் சொல்வார். எண்ணெய்க்காரர் கதவில் நின்று பார்த்துவிட்டுக் கத்தினார்.

"பொரி தின்ன மீனு புழு தின்னுமா? பட்டினி போடுங்கம்மா!"

வாய் இல்லாத ஜீவனைப் பட்டினி போடச் சொல்கிறானே பாவி என்று அம்மாவுக்குக் கோபம். இருந்தாலும் அப்பா ஒரு அட்டையில் ‘பொரி போடாதீர்’ என்று எழுதி வைத்தார்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. குளத்தில் ஒரு புழு இல்லை, மீன்கள் குட்டி போட்டுப் பெருகின. எல்லாம் சரி, ஆனால் இரண்டு விஷயம் எனக்குப் புரியவில்லை. ஒன்று, மழை பெய்தும் குளத்துத் தண்ணீர் தினமும் குறைந்தது. நான் ஒரு குச்சியில் கழிவு நூலைக் கட்டிக்கட்டி அளந்தேன். மழை விட்ட மறுநாள் பார்த்தால் நூலுக்குக் கீழே நாலு விரல் இறங்கியிருக்கும். வெயில் குடிக்கிறது என்றார் அப்பா. ஐப்பசியில் ஏது வெயில்?

இரண்டாவது, கொசு குறையவில்லை. கூடியது. அப்பா நெய்துகொண்டே ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். ஐப்பசி முடிவதற்குள் மறுபடியும் ஜுரம் வந்தது. இந்தத் தடவை ஒன்பது நாள். விட்டபிறகு அம்மா நூலைச் சுற்றினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முனை மூன்றாவது முடிச்சைத் தொடவில்லை. ஒரு விரல் அகலம் இடைவெளி. அம்மா நான்காவது முடிச்சைப் போட்டாள்.

"இந்தக் குளம் வந்தப்புறம்தான் இப்பிடி. வர்ற அமாவாசைக்கு மூடிடுங்க. இல்லாங்காட்டி நானே மண்ணை அள்ளிக் கொட்டுவேன்."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தறியில் முகூர்த்தப் புடவை ஒன்று பாதியில் நின்றது.

அந்த வாரம் எண்ணெய்க்காரர் வந்தபோது அம்மா கதவுக்கே போய்ச் சண்டை பிடித்தாள். அவர் அகப்பையை நீட்டி நான்கு இடத்தில் மொண்டு பார்க்கச் சொன்னார். நான்தான் மொண்டு காட்டினேன். ஒன்றுமில்லை.

"குளம் சுத்தம்மா. கொசு வேற எங்கியோ பொறக்குது. வூட்டுக்குள்ள எங்கனா தண்ணி தேங்கிக்கினு இருக்குதா பாருங்க."

"எங்க வூட்டுக்குள்ள தண்ணி தேங்கறதுக்கு நாங்க இன்னா சாக்கடையிலயா குடியிருக்கோம்?"

அவர் அகப்பையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் தவளை வந்தது. அப்பா எழுந்து தறியில் உட்காரும் நிலைக்கு இன்னும் வரவில்லை. தறி அறை காலியாக இருந்தது. உள்ளே எங்கேயோ தவளை கத்தியது. தறிக்கு அடியிலிருந்து. என்னால் சும்மா இருக்க முடியுமா? பலகையில் குப்புறப் படுத்துக் குழிக்குள் கையை விட்டேன். மிதிகளுக்கும் கீழே, கை எட்டுகிற கடைசியில், விரல் ஜில்லென்று தண்ணீரில் பட்டது. தறிக்குழி மழைக்காலத்தில் ஈரமாக இருப்பது சகஜம்தான், அதனால் யாரும் அதைக் குனிந்து பார்த்ததில்லை. ஒரு கொட்டாங்குச்சியில் மொண்டு எடுத்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் தண்ணீர் முழுக்க நெளிந்துகொண்டிருந்தது.

அப்போதும் பாருங்கள், எனக்கு அம்மாவிடம் காட்டத் தோன்றவில்லை. அன்று எண்ணெய்க்காரர் வருகிற நாள். விளையாட்டுக்கு நல்ல கேள்வி ஒன்று கிடைத்துவிட்டது என்ற குஷிதான் எனக்கு. சிந்தாமல் கதவு வரைக்கும் எடுத்துக்கொண்டு போனேன்.

"இது எந்த வீட்டுத் தண்ணி, சொல்லு பார்க்கலாம்?"

அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். சாய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். விரலை விட்டு எதையோ எடுத்தார்.

"சாக்கடை வாசனை இல்ல. பாசி இல்ல, வெயில் படாத தண்ணி. ஏரிக் களிமண்ணு கரைஞ்சு வந்துக்கிது." விரலில் ஒட்டியிருந்ததை வெளிச்சத்தில் பிடித்தார். அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு இழை. அவர் சிரிப்பு நின்றது. குளத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "பாப்பா, இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் இன்னா இருக்குது?"

"தறி."

"குழித்தறியா?"

நான் தலையாட்டி முடிப்பதற்குள் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. பாவு நீட்டுகிற தடத்தில் சேற்றுக்காலோடு ஓடி, தறி அறைக்குள் நுழைந்து, அப்பா உட்காருகிற பலகையில் உட்கார்ந்து குழிக்குள் இறங்கினார். தண்ணீர் சளக்கென்றது. "தறிக்காரரே! ஓடியாங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் அப்பா கூடத்திலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

எண்ணெய்க்காரர் அகப்பையில் மொண்டு அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"குளத்துத் தண்ணி செவுத்துக்கு அடியில பூந்து இங்க ஊறுது. மீனு அந்தப் பக்கம், புழு இந்தப் பக்கம். உங்க காலுக்கு அடியிலயே குடும்பம் நடத்துது."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீங்கிய காலைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு மாசமா நானே உக்காந்து அதுங்களுக்குச் சோறு போட்டுக்கினு இருந்துக்கிறேன்பா" என்றார்.

குழியை எண்ணெய்க்காரர்தான் இறைத்தார். ஒரு சின்ன டின்னில் மொண்டு மொண்டு கொடுக்க, நான் கொண்டுபோய்க் கொட்டினேன். இருபத்தாறு டின். குளத்தை இன்றைக்கே வற்ற அடியுங்கள், மீனைக் கிணற்றில் விடுங்கள் என்றார். அதோடு விடவில்லை. எங்கள் ஊரில் இந்த யானைக்கால் காய்ச்சலுக்கு நகராட்சி ஆட்கள் ராத்திரியில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் கதவு திறக்கமாட்டோம். "இந்த வாட்டி கதவைத் தொறங்க. மாத்திரை குடுத்தா தல சுத்துதுன்னு தூக்கிப் போடாதீங்க. உங்க காலு தறியில இருக்கணுமா, வாசல்ல துண்டு போட்டுக்கினு இருக்கணுமா?" என்றார். அப்பாவிடம் அவ்வளவு உரிமையோடு யாரும் பேசி நான் கேட்டதில்லை. அப்பா சரி சரி என்று தலையாட்டினார்.

பேசி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு நினைவு வந்தது போலிருக்கிறது. தரையைப் பார்த்தார். கதவிலிருந்து தறி வரைக்கும் சேற்றுக் காலடி. சமையலறை வாசலில் அம்மா நின்றாள். இவ்வளவு நேரமும் அங்கேயே நின்றிருந்தாள். அவர் எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு, வந்த காலடியிலேயே கால் வைத்து வெளியே போனார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா ஒரு குடத்தில் மஞ்சளைக் கரைத்தாள். அவர் உட்கார்ந்த பலகையில் ஊற்றினாள். நடந்த தரையில் ஊற்றினாள். குழிக்குள் ஒரு சொட்டுகூட விழாமல், விளிம்பில் கோணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு துடைப்பத்தால் தள்ளினாள். அதில் மட்டும் அவ்வளவு கவனம்.

"ஏம்மா கழுவற?"

"சேறு."

"சேத்துக்கு எதுக்கும்மா மஞ்சா?"

"வாயை மூடிக்கினு போடி அந்தாண்ட."

அப்பா குனிந்து மிதிக்கயிற்றை அவிழ்த்து, அதே இடத்தில் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். அது அவிழ்க்க வேண்டிய கயிறே இல்லை. அம்மாவைத் தடுக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அம்மா கெட்டவள் இல்லை. அந்தக் காலைக் காப்பாற்ற எந்தக் கோயிலையும் எந்த விரதத்தையும் விட்டுவைக்காதவள். அன்று காப்பாற்றியவர் நடந்த தரையை அவளால் அப்படியே விட முடியவில்லை. இதை இத்தனை வருடம் யோசித்தும் எனக்கு ஆறவில்லை.

தண்ணீர் பின் வாசலைத் தாண்டி, தோட்டத்துக் கால்வாயில் ஓடியது. ஓடுகிற தண்ணீரின் கூடவே ஓடுவது என் பழக்கம். ஓடினேன். பாதி வழியில்தான் அது எங்கே போய் விழும் என்பது எனக்கு உறைத்தது. அதை முந்திக்கொண்டு போக வேண்டும் என்று பறந்தேன். எதற்கு? காலால் அடைக்கவா, கையால் மறைக்கவா? எனக்கே தெரியாது. கதவைத் திறந்தபோது அவர் எங்கள் தூம்புக்கு நேராகத்தான் நின்றிருந்தார், எண்ணெய் டப்பாவை மூடிக்கொண்டு.

மஞ்சள் தண்ணீர் வந்து கறுப்புச் சாக்கடையில் விழுந்தது. நல்ல மஞ்சள். கொஞ்ச நேரம் தனியாக ஓடி, அப்புறம் கலந்தது. எங்கள் வீட்டில் அன்று கல்யாணம் இல்லை, யாரும் வயதுக்கு வரவில்லை, அம்மை இறங்கித் தலைக்கு ஊற்றவில்லை. அது அவருக்குத் தெரியும். நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அகப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அமாவாசைக்குக் காத்திராமல் குளத்தை மூடினோம். கொசுமீன்கள் கிணற்றுக்குப் போயின. இந்தத் தடவை அம்மா மறுக்கவில்லை. ராத்திரி வந்தவர்களுக்கு அப்பா கதவைத் திறந்தார். எங்கள் தெருவில் முதலில் திறந்த கதவு அதுதான். மாத்திரையைத் தலைசுற்றலோடு விழுங்கினார். நூலில் ஐந்தாவது முடிச்சு விழவில்லை. அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் அதே குழியில் கால் வைத்து நெய்தார். அவர் கடைசியாக நெய்தது என் மகளின் கல்யாணப் புடவை. அந்த நூல் வீடு மாற்றியபோது எங்கேயோ தொலைந்தது. அதைத் தேடி நான் படத்துக்குப் படம் பின்னால் கைவிட்டுத் துழாவியிருக்கிறேன்.

அடுத்த வாரம் எண்ணெய்க்காரர் வந்தார். வழக்கம் போல மரக்கதவுக்கு வெளியே. உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. அப்பா தறியில் இருந்தார், அவர் மிதிக்கும் சத்தம் தோட்டம் வரைக்கும் கேட்டது. எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. கதவில் தொங்கிக்கொண்டு, எங்கள் வீட்டுத் தூம்பையே கைகாட்டினேன். அரிசி கழுவின தண்ணீர் வெள்ளையாக வந்துகொண்டிருந்தது.

"இது எந்த வீட்டுத் தண்ணி, சொல்லு?"

அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"தெரியல பாப்பா" என்றார். எண்ணெயைத் தெளித்துவிட்டு நகர்ந்தார்.